ஐடிஆரும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை: 14.5% வட்டிக்கு வீட்டுக்கடன் வாங்கலாமா?

பாய்லர்_திருப்பூர் | 8 நவம்பர் 2025

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நிறைந்த ஒரு தெருவில் டீக்கடை வைத்திருக்கிறேன். கடை வாடகைக்குத்தான். ஒரு மாஸ்டர் இருக்கிறார். தினமும் 25 லிட்டர் பால் ஓடும், ஞாயிறு லீவு. வீட்டம்மா பக்கத்துக் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறார். பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம். வாரம் மூவாயிரம் வரும், ஆர்டர் இருந்தால் கூடும்.

பெருமாநல்லூர் பக்கம் இரண்டு சென்டில் ஒரு பழைய தார்சு வீடு 19 லட்சத்துக்கு வந்தது. 1 லட்சம் முன்பணம் கொடுத்து, பிப்ரவரி கடைசி வரை கெடு வைத்து அக்ரிமெண்ட் போட்டாயிற்று. அது போக கையில் 5 லட்சமும் கொஞ்சம் நகையும் இருக்கிறது. 14 லட்சம் கடன் கிடைத்தால் நிம்மதி.

வங்கியில் கேட்டேன். மேனேஜர் நல்ல மனிதர், டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தார். "மூணு வருஷ ஐடிஆர், அதாவது வருமான வரி ரிட்டர்ன், இருக்கா?" என்றார். இல்லை என்றதும் பேச்சு முடிந்துவிட்டது. அப்புறம் ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியின் ஏஜென்ட் கடைக்கே வந்து பார்த்துவிட்டுச் சொன்னது: 11 லட்சம், 14.5% வட்டி, 20 வருடம், மாதத் தவணை 14,080. இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு 6,500 வாடகை கொடுக்கிறோம். பழைய கடன் எதுவும் இல்லை.

இதை வாங்கலாமா? வேறு வழி ஏதாவது இருக்கிறதா?

கோவை_கோடர்

14.5 சதவீதமா? ஓடிவிடுங்கள்.

மீட்டர்_ரீடிங்

எங்கே ஓடச் சொல்கிறீர்கள்? வங்கி கதவைச் சாத்திவிட்டது. அடுத்து இருப்பது மீட்டர் வட்டிக்காரர் வீடுதான். இந்த நாட்டில் சம்பளச் சீட்டு இல்லாதவன் மனிதனே இல்லை என்பது பழைய கதை.

முன்னாள்_கிரெடிட்

பாய்லர் அண்ணா, நான் இப்படிப்பட்ட ஒரு கம்பெனியில் கிரெடிட் ஆபீசராகப் பல வருடம் இருந்தவன். இப்போது வேறு தொழில். உங்களுக்குச் சொன்ன தொகை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அது தெரிந்தால் மேற்கொண்டு என்ன செய்யலாம் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

டீக்கடைக்குப் போனால் நாங்கள் கல்லாப்பெட்டியைப் பார்க்க மாட்டோம். கல்லாவில் நேற்று வாங்கிய கைமாற்றும் கிடக்கும். நாங்கள் பார்ப்பது காலி பால் கவர்களை. கழுவி, கட்டி, எடைக்குப் போடுவதற்காகக் கடைக்குப் பின்னால் வைத்திருப்பீர்கள் அல்லவா, அந்தக் கட்டைத்தான். பால்காரரின் சீட்டும் காலி கவரும் ஒத்துப்போனால் உங்கள் வாய்ச்சொல்லை நம்புவோம். அப்புறம் கம்பெனி டீ டைமில் ஒருமுறை, மதியம் ஈ ஓட்டும் நேரத்தில் ஒருமுறை வந்து தெருவில் நின்று பார்ப்போம். பக்கத்து மளிகைக் கடையில் ஒரு சோடா குடித்துக்கொண்டே "இவர் எத்தனை வருஷமா இருக்கார்?" என்று கேட்போம்.

இனி கணக்கு. லிட்டருக்கு 12 டீ. உங்கள் மாஸ்டர் 14 என்று சத்தியம் செய்வார், நாங்கள் 12-தான் போடுவோம். 25 லிட்டருக்கு 300 டீ, டீ 12 ரூபாய் என்றால் 3,600. செலவில் பால் 1,500, தூளும் சர்க்கரையும் 450, காஸ் 250, மாஸ்டர் 600, வாடகையும் கரண்ட்டும் சேர்த்து நாளுக்கு 250. ஆக 3,050 போய்விட்டால் மிச்சம் 550. வடை, பிஸ்கட், தண்ணீர் பாட்டிலில் 350 நிற்கும் என்று வையுங்கள். மொத்தம் 900. மாதம் 26 நாளுக்கு 23,400.

இந்த வருமானத்தில் எத்தனை சதவீதம் வரை தவணைக்குப் போகலாம் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு உண்டு. ஃபாயர் என்பார்கள். சாதாரணமாக 50, தாராளமாகப் போனால் 60. 23,400-இல் 60 சதவீதம் 14,040. உங்களுக்குச் சொன்ன தவணை 14,080! ஏஜென்ட் நல்ல பிள்ளை, உங்கள் கடையைச் சரியாகத்தான் எடைபோட்டிருக்கிறார்.

அதாவது உங்கள் வருமானத்தை யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் 60 சதவீதம் வரை இழுத்து, 20 வருடம் வரை நீட்டித்தான் 11 லட்சத்தைத் தொட்டிருக்கிறார்கள். அக்காவின் சம்பளத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது ஏன் என்று கேட்டீர்களா?

இன்னொன்று. கடையில் க்யூஆர் இருக்கிறதா? இருந்தால் பணம் யார் கணக்கில் விழுகிறது? கம்பெனிகளுக்கு கேன் டீ போகிறதா?

பாய்லர்_திருப்பூர்

அப்படியே கடைக்குள் வந்து பார்த்த மாதிரி சொல்கிறீர்கள். பால் கவர் கட்டை அவரும் எட்டிப் பார்த்தார், நான் வேறு ஏதோ தேடுகிறார் என்று நினைத்தேன்.

வீட்டம்மா சம்பளம் கைச் சம்பளம், கணக்கில் வராது என்றார் ஏஜென்ட். க்யூஆர் என் தம்பி கணக்கில் இருக்கிறது. ஆரம்பத்தில் என் போனில் அந்த ஆப் ஏறவில்லை, அவன் போட்டுக் கொடுத்தான். மாதக் கடைசியில் மொத்தமாகத் தருவான். கேன் டீ இரண்டு கம்பெனிக்குப் போகிறது. சனிக்கிழமை கணக்கு முடித்துப் பணமாகத் தருவார்கள்.

முன்னாள்_கிரெடிட்

பாதிப் பிரச்சினை இதிலேயே இருக்கிறது. உங்கள் வியாபாரத்தில் எழுத்தில் பதிவாகிற ஒரே பகுதி உங்கள் தம்பியின் பெயரில் பதிவாகிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு அவர் வீட்டுக்கடன் கேட்டால் உடனே கிடைத்துவிடும்!

இன்றைக்கே க்யூஆரை உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள். கேன் டீ பணத்தை அந்த இரண்டு கம்பெனிகளும் வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். வாரா வாரம் ஒரே பெயரில் இருந்து வரும் பணத்தை வங்கிக்காரர் சம்பளம் போலவே பார்ப்பார்.

லென்ஸ்_சேலம்

குறுக்கே வருகிறேன். நான் கல்யாண ஃபோட்டோகிராபர். ஆவணியிலும் தையிலும் கொட்டும், ஆடியிலும் மார்கழியிலும் காற்று வாங்கும். எனக்குக் கடன் கொடுத்த இடத்தில் வருமானத்தைவிடக் கணக்கில் நிற்கும் இருப்பைத்தான் அதிகம் பார்த்தார்கள். ஒவ்வொரு மாதமும் 5, 15, 25 தேதிகளில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு வருடத்துக்கு எடுத்து சராசரி போட்டார்கள். வருகிற பணத்தை அன்றைக்கே எடுத்து சீட்டுக்குக் கட்டுகிறவர்கள் இதில் அடிபடுவார்கள்.

கணக்கன்_ஈரோடு

ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். வங்கி மேனேஜர் கேட்ட ஐடிஆர் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

பாய்லர் சார், முன்னாள் சார் போட்ட கணக்குப்படி வருடத்துக்கு உங்கள் வருமானம் சுமார் 2.8 லட்சம். இதற்கு வரி எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். 2024-25 நிதியாண்டில் புதிய முறைப்படி 7 லட்சம் வரைக்கும், 2025-26-இல் 12 லட்சம் வரைக்கும் தள்ளுபடி போக வரியே கிடையாது. திருப்பூர், ஈரோடு பக்கம் சிறு வியாபாரிகள் வரிக்குப் பயந்து ரிட்டர்ன் போடாமல் இருக்கிறார்கள். இல்லாத வரிக்கு என்ன பயமோ தெரியவில்லை.

44ஏடி என்ற அனுமான வருமான முறையில் வரவு செலவுப் புத்தகம் எழுத வேண்டியதில்லை. விற்பனையில் ரொக்கமாக வந்ததில் 8 சதவீதமும் வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதமும் லாபம் என்று காட்டினால் போதும். ஆனால் அது குறைந்தபட்சம். உண்மையில் அதற்கு மேல் சம்பாதித்தால் அதைத்தான் காட்ட வேண்டும். உங்கள் விற்பனை வருடத்துக்கு 12, 13 லட்சம் இருக்கும். 8 சதவீதம் என்று போட்டால் ஒரு லட்சம் சொச்சம்தான் வருமானம். அந்த ஐடிஆரை வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் கடன்கூடக் கேட்க முடியாது. கைக்கு வந்த 2.8 லட்சத்தையும் காட்டுங்கள்.

2024-25-க்கான கெடு செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. ஆனாலும் தாமத ரிட்டர்ன் டிசம்பர் 31 வரை போடலாம். 2.8 லட்சம் வரி விலக்கு வரம்புக்குள் இருப்பதால் தாமதக் கட்டணமும் வராது. அடுத்த ஏப்ரலில் 2025-26-க்கானதைப் போட்டால் கையில் இரண்டு ஐடிஆர் வந்துவிடும். அதற்கு முந்தைய வருடங்களைத் தோண்ட வேண்டாம். மூன்று வருட ரிட்டர்னை ஒரே வாரத்தில் போட்டால் எந்தத் தேதியில் போட்டது என்று அதிலேயே இருக்கும், வங்கிக்காரர் பார்த்துச் சிரிப்பார்.

மீட்டர்_ரீடிங்

எல்லாவற்றையும் வங்கிக் கணக்கில் வாங்கச் சொல்கிறீர்கள். போன ஜூலையில் பெங்களூரில் என்ன நடந்தது? யுபிஐ வரவைப் பார்த்து காண்டிமெண்ட்ஸ் கடை, காய்கறிக் கடைக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. கடைக்காரர்கள் க்யூஆர் அட்டையைக் கிழித்துவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டினார்கள். அது மறந்துபோயிற்றா?

கணக்கன்_ஈரோடு

மறக்கவில்லை. அந்த நோட்டீஸ் வரம்பைத் தாண்டிய வரவுக்கு வந்தது. பொருள் விற்பவருக்கு வருடத்துக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். டீக்கடையை சேவை என்று எடுத்தாலும் இவர் 20-ஐத் தொடவில்லை. தம்பி கணக்கில் விழும் பணம்தான் இதில் ஆபத்து. அவருக்கென்று வேறு வியாபாரம் இருந்தால் இரண்டும் சேர்ந்து அவர் தலையில் விடியும். சேமிப்புக் கணக்கில் வருடத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் ரொக்கம் கட்டினால் வங்கி வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். அதனால் கடை பெயரில் நடப்புக் கணக்கு ஒன்று தொடங்குவது நல்லது. உத்யம் என்னும் சிறுதொழில் பதிவும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் இருந்தால் கணக்கு சுலபமாகத் திறப்பார்கள். கடை எத்தனை வருடமாக நடக்கிறது என்பதற்கும் அவையே சாட்சி.

மாவுக்கடை_மதுரை

தம்பி, இங்கே எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நான் 14 சதவீதத்துக்கு வாங்கியவள். இட்லி மாவு அரைத்து விற்கிறேன், வீட்டுக்காரர் லோடு ஆட்டோ. வந்த ஆபீசர் கிரைண்டரின் கரண்ட் பில்லையும் அரிசி மூட்டை பில்லையும்தான் கேட்டார். நாங்கள் வாங்கும்போது எல்லோரும் பைத்தியம் என்றார்கள். இன்றைக்கு அதே தெருவில் அந்த விலைக்கு ஒரு ரூம்கூடக் கிடைக்காது.

இரண்டு வருடம் ஒரு தவணை தவறாமல் கட்டினோம். ரிட்டர்ன் போட்டோம். அன்றன்றைய வசூலை அன்றன்றைக்குச் சாயங்காலமே கணக்கில் கட்டினேன். மாதக் கடைசியில் மொத்தமாகக் கட்டினால் யாரோ கொடுத்த பணம் என்று நினைப்பார்களாம். அப்புறம் ஒரு வங்கிக்குக் கடனை மாற்றிக்கொண்டோம், ஒன்பதரைக்கு. கூடுதல் வட்டியை இரண்டு வருட வாடகை என்று நினைத்துக் கொண்டேன்.

கோவை_கோடர்

அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கையும் பார்த்துவிடுவோம். 11 லட்சத்துக்கு 14.5%, 20 வருடம். முதல் மாதத் தவணை 14,080-இல் வட்டி மட்டும் 13,292. அசலில் கழிவது 788 ரூபாய். இரண்டு வருடத்தில் 3,37,920 கட்டியிருப்பீர்கள், அசலில் சுமார் 21,800 மட்டும் குறைந்திருக்கும். கடன் 10.78 லட்சம் அப்படியே நிற்கும்.

இப்போது இதைப் பாருங்கள். 9% வட்டிக்கு 15 வருடத்தில் 14 லட்சம் வாங்கினால் தவணை 14,200. அதே பதினாலாயிரம்! ஒரு பக்கம் 11 லட்சம் 20 வருடத்துக்கு, இன்னொரு பக்கம் 14 லட்சம் 15 வருடத்தில் முடிகிறது.

நானும் சம்பளச் சீட்டு இல்லாதவன்தான், வெளிநாட்டு கிளையண்டுகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறேன். எனக்கு 44ஏடிஏ. வரவில் பாதியை லாபமாகக் காட்டுகிறேன். வங்கியும் அந்தப் பாதியைத்தான் வருமானமாக எடுத்தது. லேப்டாப்பும் கரண்ட்டும் தவிர எனக்கு என்ன செலவு என்று வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. வரிக்கு ஒரு வருமானம், கடனுக்கு ஒரு வருமானம் என்று வைத்துக்கொள்ள முடியாது போலிருக்கிறது.

முன்னாள்_கிரெடிட்

கோடர் போட்ட கணக்கு சரி. ஆனால் 9 சதவீதத்துக்கு வங்கி கொடுத்தால்தான் அது கணக்கு. கொடுக்கும் இடத்துக்கு இவர் எப்படிப் போவது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எனக்குத் தோன்றுவது, பாய்லர் அண்ணா, உங்கள் வீட்டம்மாவை முதல் விண்ணப்பதாரராக வைத்துப் பாருங்கள். கம்பெனியில் பிஎஃப் பிடிக்கிறார்களா? பிடித்தால் பிஎஃப் பாஸ்புக்கில் தொழிலாளி பங்கு 12 சதவீதம் மாதா மாதம் ஏறியிருக்கும். அதை வைத்து எந்தச் சம்பளத்துக்குப் பிடித்தார்கள் என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். கைச் சம்பளம் என்று ஏஜென்ட் ஒதுக்கியதற்கு அரசாங்கச் சாட்சி இருக்கிறது. பல கம்பெனிகளில் நிஜச் சம்பளத்தைவிடக் குறைத்துத்தான் பிஎஃப் காட்டுவார்கள், அதனால் 12 ஆயிரம் முழுதாக வராமல் போகலாம். இருந்தாலும் எத்தனை வருடமாக வேலை பார்க்கிறார் என்பது அதில் தெரிந்துவிடும்.

இருவர் வருமானமும் சேர்ந்தால் 35,400. அதில் 50 சதவீதம் 17,700. உங்களுக்கு வேண்டிய 14 லட்சத்துக்கு 60 வரை இழுக்க வேண்டியதே இல்லை.

சிபில், அதாவது உங்கள் பெயரில் உள்ள கடன்களின் வரலாற்று அறிக்கை, பார்த்தீர்களா? இருவருக்கும் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. கடனே வாங்காதவர்களுக்கு மைனஸ் ஒன்று என்று வரும், அது கெட்ட மார்க் இல்லை. அக்கா மகளிர் குழுவில் கடன் வாங்கியிருந்தால் அதுவும் இப்போது அறிக்கையில் ஏறும். யாருக்காவது வண்டிக் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தாலும் வரும். இங்கே "கடன் எதுவும் இல்லை" என்று சொல்லும் பாதிப் பேருக்கு அறிக்கையில் ஏதோ ஒன்று இருக்கும்.

நெய்தல்_தூத்துக்குடி

நான் விசைப்படகில் பங்குக்குப் போகிறவன். எங்கள் கதை இன்னும் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் கடலுக்குப் போக முடியாது. அரசு நிவாரணம் குடும்பத்துக்கு 8,000. தவணைக்குத் தடைக்காலம் கிடையாது. விவசாயிக்குப் பயிர்க்கடனை அறுவடை பார்த்துத் திருப்பக் கேட்கிறார்கள், வீட்டுக்கடனில் அப்படி யோசிப்பவர்களைக் காணோம். நான் செய்வது, ஐப்பசி கார்த்திகையில் மீன் பட்டால் மூன்று தவணைக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு ஏடிஎம் கார்டை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அம்மாவிடம் இருந்து பணம் வாங்குவது கலெக்டரிடம் வாங்குவதைவிடக் கஷ்டம்.

டீக்கடை அண்ணனுக்கும் தீபாவளி, பொங்கலுக்குக் கம்பெனிகள் ஒரு வாரம், பத்து நாள் மூடுவார்களே, அந்த மாதத் தவணையை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லங்கம்_பத்திரம்

பத்திர எழுத்தர். எல்லோரும் வருமானத்தையே பேசுகிறீர்கள். 14.5 என்பது உங்கள் வருமானத்துக்கான வட்டியா, வீட்டின் தாளுக்கான வட்டியா?

பெருமாநல்லூர் பக்கம் இரண்டு சென்ட் என்றால் முதலில் கேட்க வேண்டியது மனை அங்கீகாரம் உள்ளதா என்று. அங்கீகாரம் இல்லாத மனைகளை 2017-இல் வந்த விதிகளின்படி வரன்முறைப்படுத்தலாம், 2016 அக்டோபர் 20-க்கு முன்பு மனையாகப் பதிவானவற்றை. அப்படிச் செய்த உத்தரவு இருக்கிறதா? வீட்டுக்கு பஞ்சாயத்து பிளான் இருக்கிறதா, அல்லது கொத்தனார் மனதில் போட்ட பிளான் மட்டுமா? பட்டா யார் பெயரில்? பழைய வீடு என்கிறீர்கள், வாரிசுகள் எத்தனை பேர்? தாய்ப் பத்திரம் அசல் கையில் இருக்கிறதா?

இதில் ஒன்று குறைந்தாலும் நீங்கள் ஐடிஆர் பத்து வருடம் வைத்திருந்தாலும் வங்கி வக்கீல் திருப்பி அனுப்பிவிடுவார். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகள் சில குறைகளை ஏற்றுக்கொள்ளும், அதற்கும் வட்டியில் விலை உண்டு. பின்னால் வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பி வாங்கி, தாள் சரியில்லாமல் மாற்ற முடியாமல் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

சீட்டுக்காரி

வீட்டை மனைவி பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணம் குறையுமே? அப்புறம் பிரதமர் வீட்டுத் திட்டத்தில் 2.67 லட்சம் மானியம் வரும். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

கணக்கன்_ஈரோடு

இரண்டும் பாதி சரி. பெண்கள் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் குறைப்பது ஏப்ரல் 2025 முதல் இருக்கிறது, ஆனால் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான். இந்த வீடு அதில் வராது. 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம் என்று கிட்டத்தட்ட 1.7 லட்சம் தனியாக வேண்டும். இந்த விலையில் அதைக் கடனோடு சேர்த்துத் தர மாட்டார்கள். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்வது வீட்டு மதிப்புக்கு மட்டும்தான்.

2.67 லட்சம் பழைய திட்டம், குறைந்த வருமானக்காரர்களுக்கு 2022 மார்ச்சோடு முடிந்தது. இப்போது இருப்பது 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டம். வருட வருமானம் 9 லட்சம் வரை, வீட்டு மதிப்பு 35 லட்சம் வரை, கடன் 25 லட்சம் வரை இருக்கலாம். முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து தவணையாக வரும். குடும்பத்தில் யாருக்கும் நாட்டில் எங்கும் கல்வீடு இருக்கக் கூடாது. நகர்ப்புறத் திட்டம் என்பதால் அந்த வீடு எல்லைக்குள் வருகிறதா என்பதைக் கடன் கொடுப்பவரிடமே கேளுங்கள்.

மீட்டர்_ரீடிங்

இத்தனை விதியும் படித்தவனுக்குத்தான் என்று தோன்றுகிறது.

தாம்பரம்_தாத்தா

அப்படி மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. ரெப்கோ வங்கி 1969-இல் பர்மாவில் இருந்தும் இலங்கையில் இருந்தும் திரும்பி வந்தவர்களின் மறுவாழ்வுக்கென்று தொடங்கியது. என் மாமனார் ரங்கூனில் இருந்து வந்தவர், ஒரு டிரங்குப் பெட்டிதான் அவர் வைத்திருந்த ஆவணம். அந்த வங்கி 2000-இல் தொடங்கிய ரெப்கோ ஹோம் ஃபைனான்ஸ் இன்றைக்கும் சுயதொழில்காரர்களுக்கு நிறையக் கொடுக்கிறது. 2009-இல் சென்னையில் தொடங்கிய ஆப்டஸும் இந்த மாதிரி ஆட்களை நம்பித்தான் வந்தது. ஒரே ஏஜென்ட் சொன்னதோடு நிற்க வேண்டாம். நாலு இடத்தில் கேளுங்கள், நாலு இடத்திலும் விண்ணப்பம் மட்டும் போடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் சிபிலில் பதியும்.

முன்னாள்_கிரெடிட்

தாத்தா சொல்வது சரி. கேட்கும்போது முக்கிய விவரத் தாள் ஒன்றை எழுத்தில் கேளுங்கள். 2024 அக்டோபர் முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் அதைக் கொடுத்தாக வேண்டும். வட்டி, பிராசஸிங் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்று ஒரே எண்ணில் அதில் இருக்கும். ஏஜென்ட் வாயால் சொல்லும் 14.5-ஐ விட்டுவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள்.

வட்டி மாறும் வட்டியா, நிலையான வட்டியா என்பதையும் கேளுங்கள். தனிநபர் வீட்டுக்கடன் மாறும் வட்டியில் இருந்தால், முன்கூட்டியே அடைத்தாலும் வேறு இடத்துக்கு மாற்றினாலும் அபராதம் போட முடியாது. நிலையான வட்டி என்றால் சொந்தப் பணத்தில் அடைக்கும்போதுதான் அந்தப் பாதுகாப்பு, இன்னொரு வங்கியில் கடன் வாங்கி அடைத்தால் கட்டணம் கேட்கலாம். மாவுக்கடை அக்கா போன வழி திறந்திருக்கிறதா என்பது இந்த ஒரு வரியில் இருக்கிறது.

பாய்லர்_திருப்பூர் | 27 நவம்பர் 2025

எல்லோருக்கும் நன்றி. நிறையச் செய்தாயிற்று, அதனால் எழுதுகிறேன்.

விவரத் தாளைக் கேட்டதும் ஏஜென்ட் கொஞ்சம் முகம் சுளித்தார், பிறகு கொடுத்தார். முதல் மூன்று வருடம் நிலையான வட்டி. கடனோடு சேர்த்து 41 ஆயிரத்துக்கு ஒரு இன்சூரன்ஸ். கட்டாயமா என்று கேட்டால் "எல்லாரும் எடுப்பாங்க" என்கிறார். கட்டாயம் என்று எழுதித் தரச் சொன்னேன், அதற்குப் பதில் இல்லை.

க்யூஆர் இப்போது என் கணக்கில். தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம், அவன் ஸ்கோர் குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேன் டீ கம்பெனிகளில் ஒன்று வங்கியில் போட ஒத்துக்கொண்டது. இன்னொன்றில் முதலாளி "ரொக்கம்தான்" என்கிறார். வீட்டம்மா பிஎஃப் பாஸ்புக்கை முதல் முறையாகப் பார்த்தோம். 9,500 சம்பளத்துக்குப் பிடித்திருக்கிறார்கள், விடாமல் நாலு வருடம். அவரே அசந்துவிட்டார். மகளிர் குழுக் கடனில் எட்டாயிரம் பாக்கி என்று அறிக்கையில் இருந்தது, கட்டி முடித்த கடன். குழுத் தலைவியிடம் ரசீது வாங்கித் திருத்தக் கொடுத்திருக்கிறோம்.

தாமத ரிட்டர்ன் போட்டாயிற்று. அதே வங்கி மேனேஜரிடம் இருவருமாகப் போனோம். பிஎஃப் பாஸ்புக்கைப் பார்த்ததும் நாற்காலியை முன்னே இழுத்து உட்கார்ந்தார். இரண்டாவது ஐடிஆரோடும் ஆறு மாத வரவோடும் ஏப்ரல் கடைசியில் வரச் சொன்னார். தருகிறேன் என்று சொல்லவில்லை. வீட்டை விற்கும் வீட்டுக்காரரிடம் பேசினேன், மே வரை பொறுக்கிறேன் என்றார்.

மாவுக்கடை_மதுரை

நல்ல செய்தி தம்பி. ஆனால் ஏப்ரலில் வங்கி கைவிரித்தால் அந்த வீட்டை விட்டுவிடாதே. அதற்குள் மாறும் வட்டியில் கொடுக்கும் ஒரு கம்பெனியையும் பார்த்து வைத்துக்கொள்.

நெய்தல்_தூத்துக்குடி

மே வரை பொங்கல் லீவு ஒன்றுதான். தப்பித்தீர்கள்.

வில்லங்கம்_பத்திரம்

மே வரை பொறுக்கிறேன் என்றது வாய்ப்பேச்சா, எழுத்தா? அக்ரிமெண்ட் பதிவு செய்ததுதானே?

பாய்லர்_திருப்பூர்

அக்ரிமெண்ட் பதிவு செய்தது. நீட்டிப்பு வாய்ப்பேச்சுதான். நல்ல மனிதர்.

வில்லங்கம்_பத்திரம்

நல்ல மனிதருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். பிப்ரவரி முடிவதற்குள் நீட்டிப்பை எழுதிப் பதிந்துவிடுங்கள், வாரிசு யாராவது இருந்தால் அவர்களும் கையெழுத்துப் போடட்டும். அப்படியே அன்றைய தேதி வரைக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். மனை உத்தரவு பற்றி நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

பாய்லர்_திருப்பூர்

வீட்டுக்காரர் தேடிக்கொண்டிருக்கிறார் சார். கிடைத்ததும் இங்கே சொல்கிறேன்.